ஐம்பது காசுக் கார்டும் நாற்பத்தேழு ரூபாய்த் தபாலும்

2025-ல் பதிவுத் தபாலின் தனி ஆயுள் முடிந்தது. ஊர்ப்புறத்தில் 'ரிஜிஸ்டர் தபால்' என்று சொல்லிப் பழகிய அந்தச் சேவையை அஞ்சல் துறை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. 2013 ஜூலையில் தந்தி நின்றபோது கடைசித் தந்தி அடிக்க வரிசையில் நின்றவர்களைத் தொலைக்காட்சிகள் காட்டின. கண்ணீர் மல்கக் கட்டுரைகள் வந்தன. பதிவுத் தபாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் கவிதை ஏதும் போனதில்லை அல்லவா! வக்கீல் நோட்டீஸ், பட்டா கேட்டு மனு, வேலைக்கான விண்ணப்பம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறு என்று மனிதர்களின் வயிற்றெரிச்சலைத்தான் அது பெரும்பாலும் சுமந்தது.

கடிதம் அழிகிறது என்ற பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் நேராகக் காதல் கடிதத்துக்குப் போய்விடுகிறார்கள். தபால்காரரின் சைக்கிள் மணி, நீல நிற இன்லண்ட் லெட்டர், அம்மாவின் கோணல் கையெழுத்து என்று ஒரு வரிசை தயாராக இருக்கிறது. அந்த ஏக்கத்தில் பொய் இல்லை. ஆனால், நியாயமாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அது மறைத்துவிடுகிறது. நலம் விசாரிக்கும் கடிதத்தைச் செல்போன் எடுத்துக்கொண்டது; அதை இனி யாரும் மீட்கப் போவதில்லை, மீட்கவும் வேண்டியதில்லை. மிச்சம் இருந்தது வேறொன்று. எந்தக் குக்கிராமத்திலிருந்தும் யாருக்கும் சில ரூபாய்ச் செலவில் எழுத்தில் ஒன்றை அனுப்பலாம், அனுப்பியதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ளலாம் என்கிற வசதி அது. அதைச் செல்போன் பறிக்கவில்லை. நிர்வாகமே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறது.

இதைப் பார்க்கத் தென்காசி வட்டாரம் தோதான இடம். தமிழில் கடிதம் என்பது உச்சத்தைத் தொட்ட ஊர்களில் ஒன்று குற்றாலம். கடிதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மின்னஞ்சலையும் அரட்டைச் செயலியையும் உருவாக்கும் ஒரு நிறுவனத்தின் நிறுவனர் குடியிருப்பது, அங்கிருந்து சில மைல் தள்ளியுள்ள மத்தளம்பாறையில்.

முதலில் குற்றாலம். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், சுருக்கமாக டி.கே.சி., தென்காசிக்காரர். வக்கீலுக்குப் படித்தவர்; சென்னை மாகாண மேலவையில் உறுப்பினராக இருந்தார்; 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையர். இவற்றுக்காக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடித் தமிழ்ப் பாட்டுகளை ரசித்த 'வட்டத்தொட்டி'க்காக நினைக்கிறார்கள். கம்பனைப் பாமரனுக்கும் புரிகிற மாதிரிச் சொன்னதற்காக நினைக்கிறார்கள். குற்றாலத்தில் வாழ்ந்து 1954 பிப்ரவரியில் அங்கேயே மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அருவிக் கரைக்கு வந்தவர்கள்.

டி.கே.சி. அடிப்படையில் பேச்சாளர். மேடைப் பேச்சைவிடத் திண்ணைப் பேச்சில் ஜொலித்தவர். அப்படிப்பட்டவரின் பேச்சு காற்றோடு போயிருக்க வேண்டும். போகாமல் நின்றதற்கு முக்கியமான காரணம் அவருடைய கடிதங்கள். வட்டத்தொட்டியில் கூடியவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்கக் கூடியவர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறை அதிகாரி. எஸ். மகாராஜன் முன்சீப்பாகத் தொடங்கி உயர் நீதிமன்ற நீதிபதி வரை போனவர். மீ.ப. சோமு வானொலிக்காரர். அ. சீனிவாசராகவன் கல்லூரிப் பேராசிரியர். எல்லாம் மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி கட்ட வேண்டிய உத்தியோகங்கள். வட்டம் சிதறாமல் இருந்தது என்றால், அதைக் கட்டிவைத்தது தபால்.

குற்றாலத்துச் சாரல் எப்படி இருக்கிறது, அருவியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது, யார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள், கம்பனில் எந்தப் பாட்டு இரண்டு நாளாக மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்று நேரில் பேசுகிற தோரணையிலேயே எழுதுவார். இலக்கணக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதிய கடிதங்கள் இல்லை. பேச்சுத் தமிழின் ஓட்டம் எழுத்தில் ஏறலாம் என்பதற்கு அவை தெளிவான சாட்சி. பிற்பாடு அவை தொகுக்கப்பட்டுப் புத்தகமாகவே வந்துவிட்டன. அது எப்படி முடிந்தது? எழுதியவர் பிரதி எடுத்து வைத்ததாலா? பெற்றவர்கள் பத்திரப்படுத்தியதால்தான். கடிதத்தின் விசேஷமே அதுதான். எழுதியவனுடைய வரலாறு வேறு யாருடைய அலமாரியிலோ தூங்குகிறது.

இதெல்லாம் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1879 ஜூலை 1-ல் கால் அணாவுக்கு இந்தியாவில் அறிமுகமான தபால் கார்டு, ஜமீன்தாருக்கும் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கும் ஒரே விலையில் கிடைத்தது. தமிழ்நாட்டில் எழுத்தறிவு குறைவாக இருந்த நாட்களில்கூடக் கார்டு புழங்கியது. எழுதத் தெரிந்த பையன் தெருவுக்கு ஒருவனாவது இருந்தான், படித்துச் சொல்லத் தபால்காரர் இருந்தார். மூலையில் மஞ்சள் தடவிய கடிதம் வந்தால் வீட்டில் சிரிப்பு. கறுப்பு மை தடவியது வந்தால் படிப்பதற்கு முன்பே ஒப்பாரி. படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு விநோதமும் உண்டு. தென்காசியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் அரசுக்கோ சொந்தமாக ஓர் அஞ்சல் துறை இருந்தது. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள், 1888 முதல் சங்கு பொறித்த தனி அஞ்சல்தலைகள் என்று அது தனி ராஜ்யமாகவே நடந்தது. தென்காசியில் வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட ஸ்டாம்பு, மலையடிவாரச் செங்கோட்டையில் சங்கு. 1951-ல்தான் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. செங்கோட்டையோடு தொடர்புடைய மிகப் பிரபலமான கடிதம் மட்டும் எந்தத் தபாலிலும் போகவில்லை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்த வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் இருந்தது அது.

பக்கத்துக் கடையத்தில் இருந்து போன கடிதங்கள் வேறு வகை. 1918 டிசம்பரில் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் வந்து தங்கினார். அங்கிருந்துதான் 1920-ல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக அச்சிடும் திட்டத்தை விவரித்து, கடனாகப் பணம் உதவும்படி கேட்டுச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவர் தபாலை ஆங்கில அரசு இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தது. கடையத்தில் இருந்தபோது, போன தபாலுக்குப் போதுமான பதில் வரவில்லை. திட்டம் நிறைவேறாமலே 1921-ல் காலமானார். தமிழ்ப் பதிப்புலகத்தின் சோகமான அத்தியாயங்களில் ஒன்று அது. நமக்குத் தெரிய வந்ததும் அந்தக் காகிதங்கள் தப்பிப் பிழைத்ததால்தான். ரா.அ. பத்மநாபன் போன்றவர்கள் வீடு வீடாகத் தேடிச் சேர்க்காமல் இருந்திருந்தால் பாரதியின் கடிதங்களில் பாதி பழைய காகிதக் கடைக்குப் போயிருக்கும்.

கடையநல்லூருக்கு வந்த தபால்களின் கதை கடல் தாண்டியது. அந்த ஊரிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். சிங்கப்பூரில் 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஊர்ப் பெயரில் சங்கம் வைக்கிற அளவுக்குப் போனார்கள். பின்னாளில் வளைகுடா. மடித்தால் உறையாகிவிடும் ஏரோகிராமில் குடும்பமே நடந்தது. பெண்ணுக்கு வரன் பார்த்தது, வீட்டுக்குத் தளம் போட்டது, பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்தது எல்லாம் அதில்தான். எழுத முடியாதவர்கள் கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்பினார்கள். இன்றைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜுக்கு அதுதான் மூத்த அக்கா.

ஆக, தொலைபேசி மலிந்ததும் முதலில் கடிதத்தைக் கைவிட்டது இந்த மாதிரிக் குடும்பங்கள்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை. பதினைந்து நாள் காத்திருந்து தெரிந்துகொண்ட சங்கதியை எஸ்.டி.டி. பூத்தில் மூன்று நிமிஷத்தில் கேட்டுவிட முடிந்தது. அப்புறம் செல்போன், அப்புறம் முகத்தையே பார்த்துப் பேசும் வசதி. கைக்குழந்தையின் சிரிப்பைத் துபாயில் இருந்தபடி பார்க்கிற தகப்பனிடம் போய்க் கடிதத்தின் மகிமையைச் சொன்னால், அவர் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். 'சீசன் ஆரம்பித்துவிட்டதா?' என்று குற்றாலத்தில் தெரிந்தவருக்குக் கார்டு போட்டுக் கேட்ட காலமும் போயிற்று. ஐந்தருவியில் தண்ணீர் விழுவதை அங்கே குளித்துக்கொண்டிருப்பவரே படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்.

இதில் தென்காசிக்கே ஒரு பங்கு இருப்பதுதான் சுவாரசியம். ஜோஹோ நிறுவனம் 2011-ல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019 முதல் அங்கேயே குடியிருக்கிறார். மின்னஞ்சல் சேவை அந்த நிறுவனத்தின் முக்கியமான சரக்கு. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் இப்போது அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதன் 'அரட்டை' செயலி நாடு முழுக்கப் பேசப்பட்டது 2025 செப்டம்பரில். பதிவுத் தபால் தனிச் சேவையாக நின்றுபோனதும் அதே ஆண்டுதான். இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் தென்காசி மாவட்டத்துக்காரர் ஒருவர் இதில் பெருமைப்பட இடம் இருக்கிறதே தவிர, வருத்தப்பட ஏதுமில்லை.

வருத்தப்பட வேண்டிய இடம் வேறு.

டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். 1624-ல் தொடங்கிய கடித விநியோகத்தை அந்த நாட்டு அரசுத் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட் 2025 டிசம்பர் 30-ல் நிறுத்திவிட்டது. 2000-ல் 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024-ல் 11 கோடியாகச் சுருங்கின. தெருவோரம் நின்ற 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 'பார்த்தீர்களா, ஐரோப்பாவே விட்டுவிட்டது' என்று இதைக் காட்டி வாதிடுகிறவர்கள் மீதிக் கதையைச் சொல்வதில்லை. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் டிஜிட்டல் அஞ்சல் பெட்டி கொடுத்து, அரசின் கடிதங்கள் அதில்தான் வரும் என்று 2014-லேயே சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு அது. முடியாத முதியவர்களுக்கு விலக்கு கொடுத்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் கழித்துத்தான் பெட்டியைப் பிடுங்கியது. இப்போதும் கடிதம் அனுப்ப வழி இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அந்த வேலையை ஒரு தனியார் நிறுவனம் ஏற்றிருக்கிறது.

இங்கே நடப்பது தலைகீழ். மாற்று ஏற்பாடு முழுசாக வருவதற்கு முன்பே பழைய கதவு சாத்தப்படுகிறது. 2011-ல் 'சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்' போனது. இன்றைய தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது. சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் போட்டால், இன்ன தேதியில் இன்னாருக்குப் போட்டார் என்று ஒரு துண்டுச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், சில ரூபாய்தான். ஏழை வாதியின் ஆயுதம் அது. துஷ்பிரயோகம் நடக்கிறது என்று காரணம் சொல்லி நிறுத்தினார்கள். பரவாயில்லை, ரிஜிஸ்டர் தபால் இருக்கிறது என்று ஜனங்கள் சமாதானப்பட்டார்கள். இப்போது அதுவும் ஸ்பீட் போஸ்ட்டுக்குள் கரைந்துவிட்டது.

கூட்டம் குறைந்துவிட்டது, அதனால்தான் இணைப்பு என்பது ஒரு வாதம். 2011-12-ல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்கள் 2019-20-ல் 18.46 கோடியாகக் குறைந்தன. கால் பங்கு சரிவு, உண்மைதான். ஆனால் செல்போன், இணையம், வாட்ஸ்அப் எல்லாம் வந்து நாட்டையே புரட்டிப்போட்ட அதே எட்டு வருஷத்தில், பாக்கி முக்கால் பங்கு அசையாமல் நின்றிருக்கிறது என்றும் அந்தக் கணக்கைப் படிக்கலாம். பதினெட்டு கோடி என்பது செத்துப்போன சேவையின் எண்ணிக்கை இல்லை.

இணைத்தால் என்ன, வேகமாகத்தானே போகும் என்பார்கள். விலையைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் உள்ளூரைத் தாண்டிப் போகும் 50 கிராம் ஸ்பீட் போஸ்ட்டுக்கு 47 ரூபாய், குறிப்பிட்ட நபரின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்கிற பதிவு வசதிக்குக் கூடுதலாக 5 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பழைய பதிவுத் தபால் முப்பது ரூபாய் வாக்கில் முடிந்தது. இருபது முப்பது ரூபாய் ஒரு வித்தியாசமா என்று கேட்பவர் ஒரே ஒரு மனு போட்டவராக இருப்பார். புளியங்குடிப் பக்கம் ஒரு விவசாயி கால்வாய் ஆக்கிரமிப்பு பற்றிப் புகார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர், நீர்வளத் துறை, முதலமைச்சர் தனிப்பிரிவு என்று ஐந்து பேருக்காவது நகல் போக வேண்டும். பதில் வராது. நினைவூட்டல் போட வேண்டும். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்று. அதற்கு மேல்முறையீடு ஒன்று. நம் நாட்டில் நியாயம் கேட்பது தவணைமுறைச் செலவு.

அரசுக்கு எழுதுவதற்கு இப்போது இணையதளம் இருக்கிறது, 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையம் இருக்கிறது என்பதும் சரியே. அவசரத்துக்கு அவை நல்லவை. ஆனால், அங்கே பதிந்த புகாருக்கு அத்தாட்சி யாரிடம் இருக்கிறது? புகார் யார் மீதோ, அந்த அரசின் கணினியிலேயே இருக்கிறது. 'தீர்வு காணப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தியோடு மனு முடிந்துபோவது தமிழ்நாட்டில் பலருக்குப் பழகிய அனுபவம். பதிவுத் தபாலிலோ, கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்த ஒப்புகை அட்டை மனுதாரரின் மடியில் இருந்தது. நீதிமன்றத்தில் அதற்கு எடை இருந்தது; சரியான முகவரி எழுதி, உரிய ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. சாமானியனுக்கும் சர்க்காருக்கும் நடக்கிற வழக்கில், சாட்சி சாமானியன் கையில் இருந்த அபூர்வமான இடம் அது.

சிறுபத்திரிகைக்காரர்களின் வயிற்றில் அடித்த கதை இதற்கு முந்தையது. 2024 டிசம்பரில் புக் போஸ்ட் சேவை முன்னறிவிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டது. தமிழில் நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி புக் போஸ்ட்டில்தான் பயணித்தது. ஐந்நூறு பிரதி அச்சடித்து, முன்னூறைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பி, பாக்கியைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்த பத்திரிகைகள் அவை. தென்காசிக்குப் பக்கத்து இடைகாலில் வாழும் கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் கூட்டிய கவிதைப் பட்டறைகளுக்கு வந்து போனவர்களை வளர்த்தவை அத்தகைய பத்திரிகைகள்தான். திருநெல்வேலி வண்ணதாசனின் கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று தொகுப்பாக வந்தபோது, அவற்றைக் கதைகளுக்கு இணையாக வாசித்தவர்களும் இதே வாசகர்கள்தான்.

எதிர்ப்பு கிளம்பியதும் 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய். புத்தகம் அனுப்புகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு, பாராட்டலாம். ஆனால் குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளிவரும் இதழ்களுக்கு அதில் இடம் இல்லை. ஆக, சிறுபத்திரிகை மறுபடியும் வாசலுக்கு வெளியே.

தபால் ஆபீஸே சாகிறது என்று முடிவு கட்டுவதும் தப்பு. சுமார் 1.65 லட்சம் அஞ்சலகங்கள், அவற்றில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இல்லாத பரப்பு. 2018-ல் தொடங்கிய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கியால் தபால்காரரின் கைக்கருவியில் விரல் வைத்து வீட்டு வாசலிலேயே பணம் எடுக்க முடிகிறது. ஓய்வூதியர்கள் வருஷா வருஷம் கருவூலத்துக்கு அலைந்து கொடுத்த உயிர்வாழ் சான்றை 70 ரூபாய்க்கு வீட்டிலேயே வந்து பதிந்துகொள்கிறார்கள். செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்காக அஞ்சலகப் படியேறிய பெற்றோர் எத்தனையோ பேர். கடிதம் குறைந்த பிறகும் தபால்காரரின் சுமை குறையவில்லை. ஆதார் அட்டையும் ஏ.டி.எம். அட்டையும் பார்சலும் பையை நிரப்புகின்றன. கிராமப்புற அஞ்சல் ஊழியர்கள் குறைந்த சம்பளத்தில், பகுதிநேரம் என்ற பெயரில், இந்த வேலைகளை எல்லாம் இழுத்துப் பிடிக்கிறார்கள்.

துறையின் பக்கத்து நியாயமும் உண்டு. கார்டு 50 காசு, இன்லண்ட் 2 ரூபாய் 50 காசு, கவர் 5 ரூபாய் என்று பல வருஷமாக விலை ஏறவில்லை. (ஐம்பது காசுக்குச் சில்லறை யாரிடமும் இல்லாததால் கார்டு வாங்குகிறவர் இரண்டாக வாங்க வேண்டியிருக்கிறது.) அந்தக் கார்டை வாங்கி, முத்திரை குத்தி, பிரித்து, ரயிலில் ஏற்றி, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை கொண்டுபோய்க் கொடுக்கிற செலவு விலையைப் போலப் பல மடங்கு. நஷ்டம்தான். பள்ளிக்கூடமும் அரசுப் பேருந்தும் இந்தக் கணக்கில் நஷ்டம்தான். நஷ்டமா லாபமா என்பதைத் தபால் ஆபீஸ் கவுண்டரில் மட்டும் உட்கார்ந்து எழுதினால் கணக்கு தப்பிவிடும்.

1898-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட அஞ்சலகச் சட்டம், 2023, 2024 ஜூன் 18-ல் அமலுக்கு வந்தது. கடிதம் கொண்டுபோவது அரசின் தனியுரிமை என்று பழைய சட்டத்தில் இருந்ததைப் புதியது விட்டுவிட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தபாலை இடைமறித்துத் திறக்கும் அதிகாரத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. பாரதி இருந்திருந்தால் சிரித்திருப்பார். தனியுரிமை போனதோடு, 'மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கடமை' என்ற நினைப்பும் போய்விடக் கூடாது என்பதே கவலை.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-ல் பிறந்தது. ஆனால் தபாலில் அது இன்னும் முழுசாகப் பிறக்கவில்லை. தென்காசி 627811, குற்றாலம் 627802 என்று பின்கோடு இன்றைக்கும் திருநெல்வேலியின் 627-ல்தான் தொடங்குகிறது. அஞ்சல் நிர்வாகத்தில் தென்காசி தலைமை அஞ்சலகம் கோவில்பட்டிக் கோட்டத்துக்குள் இருக்கிறது. இதனால் யாருக்கும் தபால் தாமதமாகிவிடாது, பெரிய குறை இல்லை. மாவட்டத்துக்கென்று ஒரு அருங்காட்சியகமோ ஆவணக் காப்பகமோ அமையும்போது அதில் முதலில் சேர வேண்டியது எது என்பதற்கு மட்டும் இங்கே பதில் இருக்கிறது. டி.கே.சி.யின் கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள், கடையத்துப் பாரதியின் கடிதங்களின் நகல்கள், கடையநல்லூர் வீடுகளில் கிடக்கும் சிங்கப்பூர் ஏரோகிராம்கள், செங்கோட்டையின் சங்கு முத்திரைக் காகிதங்கள். வேறெந்தப் புது மாவட்டத்துக்கும் இப்படி ஒரு சொத்து வாய்க்காது. இன்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களிலும் ஒரு டி.கே.சி. இருக்கக்கூடும், போன் தொலைந்தால் அவரும் தொலைந்தார். ஆர்குட்டில் எழுதியவர்கள் 2014-ல் அது மூடப்பட்டபோது அதைக் கண்டார்கள்.

அஞ்சல் துறையிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்கை மறுபடி கொண்டுவரலாம். முன்பு சொன்ன துஷ்பிரயோகப் பயம், ஒவ்வொரு கவுண்டரிலும் கணினி இருக்கிற இந்தக் காலத்தில் எடுபடாது. அரசு அலுவலகங்களுக்குக் குடிமக்கள் அனுப்பும் மனுக்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் சலுகைக் கட்டணம் வைக்கலாம். மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை. ஞான் போஸ்ட்டின் வாசலைச் சிறுபத்திரிகைகளுக்கும் திறக்கலாம். இந்த மூன்றையும் தென்காசி, திருநெல்வேலி நாடாளுமன்ற உறுப்பினர்கள் சபையில் ஒருமுறை எழுப்பினாலே துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

வாசகர்களிடம் கேட்க ஒன்று உண்டு. பரணில், டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் மர பீரோவில் பழைய கடிதக் கட்டு இருந்தால், வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படித்துப் பாருங்கள். வெளியில் கொடுக்கத் தக்கவை என்று தோன்றினால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிடம் கேட்டுப் பாருங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரித் தமிழ்த் துறையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.